மூன்று வருஷப் படிப்பும் முற்றிக்கொண்டிருந்த நாற்றும்

ராசம்மாளுக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைக்கமாட்டாள். அரிவாள் இருந்தால் அரிவாளோடு, அகப்பை இருந்தால் அகப்பையோடு வாசலுக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு மன்னார்குடியில், குத்தகை வழக்கு நடந்த கோர்ட்டு வேப்பமரத்தடியில், அவள் கையில் இருந்தது தூக்குச்சட்டி. அதில் கொழுந்தன் சாமிதுரைக்கென்று கட்டி வந்த புளிச்சோறு. சட்டியை அவனிடம் கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பிடித்த பிடியிலேயே கேட்டாள்.

"ஏன்டா, மூணு வருஷம் மெட்ராஸுல என்னத்தடா படிச்ச?"

கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நின்றான் சாமிதுரை. அவள் வாக்கப்பட்டு வந்தபோது மூக்கு ஒழுகத் திரிந்த பயல். அவள் கையால் சோறு தின்று வளர்ந்து, அந்தத் தெருவிலேயே முதலாவதாக வக்கீல் கோட்டு போட்டவன்.

கோபம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். நீடாமங்கலத்துக்குத் தெற்கே வெண்ணாற்றுப் பாசனத்தில், பெரிய பண்ணை வைத்தியலிங்கத்தின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன் அவள் புருஷன் தங்கையன். அவன் அப்பன் காலம் வரைக்கும் அதே பண்ணையில் ஆள் வேலைதான். தங்கையன் காலத்தில்தான் சொந்த ஏர், சொந்த மாடு, சொந்த விதை என்று ஒரு படி ஏறினார்கள். அந்த ஒரு படிக்காக அவளும் அவனும் மழையிலும் சேற்றிலும் கிடந்தது ஊருக்கே தெரியும்.

குத்தகைக்காரன் பேரைச் சர்க்காரே பதிந்து கொடுக்கும் என்று சட்டம் வந்தபோது ஊரெல்லாம் மனுவோடு ஓடியது. தங்கையனும் கிளம்பினான். பண்ணை அவன் தோளில் கையைப் போட்டு, "நமக்குள்ள எதுக்குப்பா தங்கையா அதெல்லாம்?" என்றார். தோளில் கை விழுந்த சந்தோஷத்தில் மனிதன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். "அந்தக் கைய அன்னிக்கே தட்டிவிட்டிருக்கணும்" என்று ராசம்மாள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறு வருஷம் வரப்பில் பாம்பு கடித்துத் தங்கையன் போய்விட்டான். பண்ணையோ அதற்குள் கரைவேட்டிக்கு மாறியிருந்தார். உழுதவனுக்கே நிலம் என்று முழங்கிய மேடையில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையிலிருந்து இறங்கி வந்து, தங்கையன் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு உழுத பண்ணையாள்தான் என்று வழக்குப் போட்டு, ராசம்மாள் வயலில் கால் வைக்கக் கூடாது என்று தடையும் வாங்கினார்.

தடை வந்தபோது, தன் அண்ணன் கொல்லையில் அவள் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தாள். நாற்று காத்திருக்குமா? அது பாட்டுக்கு வளர்ந்தது. இன்னும் ஒரு வாரம் நாற்றங்காலிலேயே கிடந்தால் கணு விட்டுவிடும். அப்புறம் அதைப் பறித்து மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

அப்போதும் அவள் பெரிதாகக் கலங்கவில்லை. வீட்டிலேயே வக்கீல் இருக்கிறானே! அவன் பின்னால் ஜூனியராகச் சேர்ந்த சீனியர் வக்கீல் கல்யாணசுந்தரம் படித்த காலத்தில் ரெண்டு வருஷமாக இருந்த வக்கீல் படிப்பை, சாமிதுரை சேருவதற்குள் மூன்றாக்கிவிட்டிருந்தார்கள். "கூட ஒரு வருஷம் எதுக்குடா?" என்று அவள் அன்றைக்கே கேட்டாள். "நல்லாக் கத்துக்கத்தான் அண்ணி" என்றான். அந்த ஒரு வருஷத்துக்கும் அவள் அடுத்த ஊர் நடவுக்கெல்லாம் போய்க் குனிந்தாள். படித்து முடித்து வந்தவன், இனிமேல் சீனியரிடம் ஜூனியராக இருக்க வேண்டும் என்றான். அது எத்தனை வருஷம் என்றாள். "அதுக்குக் கணக்கில்ல அண்ணி, அவரா விடுற வரைக்கும்" என்றான். இரண்டு வருஷமாகச் சீனியரின் கேஸ் கட்டைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்ததுதான் அவன் பார்த்த வக்கீல் வேலை. நான் சொல்லாமல் வாயைத் திறக்காதே என்பது சீனியரின் கட்டளை.

அன்றைக்குக் காலையில் சீனியர் தஞ்சாவூரில் வேறு கேஸ் என்று போய்விட்டார். ஜூனியரை மட்டும் அனுப்பியிருந்தார். ராசம்மாள் கூண்டில் ஏறினாள். பண்ணை வக்கீல் கல்யாணத்துக்கு வந்தவரைப் போலச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, சித்திரையில பெரிய பண்ணை நெலத்துல முதல் ஏர் பூட்டுறது யாரு?"

நல்லேர்! ராசம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வருஷம் பிறந்ததும் நல்ல நாள் பார்த்து ஊர் ஏர்களெல்லாம் பண்ணை நிலத்தில் ஒரு சுற்று ஓடும். அதற்குப் பிறகுதான் அவரவர் வயலுக்கு ஓட்டிப் போவார்கள். அந்த வரிசையில் முன்னால் போவது ராசிக்கார ஏராக இருக்க வேண்டும்.

"எங்க வீட்டுக்காரர் ஏர்தாங்க முன்னால போவும். அவரு கைராசி அப்படி."

"கூலி உண்டா?"

"நல்லேருக்கு யாராச்சும் கூலி வாங்குவாங்களா? பண்ணையில வேட்டியும் துண்டும் குடுப்பாங்க."

"உடுப்பு குடுப்பாங்க. வருஷா வருஷம்?"

"வருஷா வருஷம்."

பண்ணை வக்கீல், குத்தகை வழக்கை விசாரிக்கும் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "முதலாளி நிலத்தில் முதலில் உழுவான், வருஷம் ஒரு உடுப்பு வாங்குவான். பண்ணையாளுக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?"

பெருமை என்று அவள் சொன்னது கழுத்தில் கயிறாக விழுந்துவிட்டது. ராசம்மாள் சாமிதுரையைப் பார்த்தாள். அவன் எழுந்தான். எழுந்து, "சீனியர் வரலைங்க. வாய்தா வேணும்" என்றான். சாப்பாட்டுக்குப் பிறகு சீனியர் வந்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் அடுத்த மாதம் என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

அதனால்தான் மரத்தடியில் தூக்குச்சட்டியோடு அந்தக் கேள்வி.

"அண்ணி, மெதுவா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! வேட்டி வாங்குனா பண்ணையாளாடா? அந்த நல்லேருக்குப் பின்னால நீயும் ஓடுனியே, மாட்டுக் கொம்புல பூ சுத்துனது யாரு? நீதானே? வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"அதெல்லாம் பொஸ்தகத்துல இல்ல அண்ணி. எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. தப்பாக் கேட்டுட்டா கேஸே போயிரும். சீனியரே சொல்றாரு, மூணு வருஷம் பத்தாது, இந்தப் படிப்ப அஞ்சு வருஷமாக்கணும்னு."

"ஆக்கட்டும், பத்தாக்கட்டும்! பத்து வருஷம் பெஞ்சுல ஒக்காந்தா எந்திரிக்கிறது எப்படின்னு தெரிஞ்சிருமா? அங்க எங்கண்ணன் கொல்லையில நாத்து கெடக்குது பாரு, உன்ன மாதிரியேதான். நாத்தங்காலு சொகமாத்தான் இருக்கும். பறிச்சு நட வேண்டிய நேரத்துல நடலைன்னா நெல்லாடா வெளையும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வாய்தா வாங்காம நானே பேசினா, சீனியர் என்னைச் சேத்துக்க மாட்டாரு அண்ணி."

அவன் பிழைப்பும் இதில் மாட்டியிருக்கிறது என்பது ராசம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் கோபம் இறங்கவில்லை. சட்டியை அவன் கையில் திணித்தாள்.

"தின்னு. தின்னுட்டு, நீ வக்கீலா, கட்டுத் தூக்குற ஆளான்னு நீயே சொல்லு. உங்கண்ணனப் பண்ணை ஆளுங்குறான் அந்த வக்கீலு. நீயும் ஆளுதான்னா நான் இப்பவே பஸ் ஏறிடுறேன்."

மத்தியானமும் சீனியர் வரவில்லை. அதிகாரி தேதி போடப் பேனாவை எடுத்தார். சாமிதுரை எழுந்தான். குரல் முதலில் கீச்சென்று வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சியிடம் நானே மறுபடி சில கேள்விகள் கேட்கிறேன் என்றான். ராசம்மாள் கூண்டில் ஏறினாள்.

"நல்லேருக்கு உங்க ஏர் மட்டுந்தான் போகுமா?"

"குத்தகைக்காரங்க ஏரு அத்தனையும் போவும்."

"நீடாமங்கலத்துல ஜவுளிக்கடை வச்சிருக்கிற சேக் தாவூது பாய், அவரும் இந்தப் பண்ணையில குத்தகை வச்சிருக்காரா?"

"ஆமா. அவரு ஏரும் வரும்."

"அவருக்கும் வேட்டி துண்டு உண்டா?"

"உண்டு. அவரு கடையில வாங்குன வேட்டியத்தான் பண்ணையில அவருக்கே குடுப்பாங்க. பாயி வருஷா வருஷம் அதச் சொல்லிச் சிரிப்பாரு."

அதிகாரியே சிரித்துவிட்டார். சாமிதுரை சிரிக்கவில்லை. பண்ணை வக்கீலைப் பார்த்து, "சேக் தாவூது பாயும் பண்ணையாள்தானாங்க?" என்றான். அவர் தன் கேஸ் கட்டைப் புரட்டினார்.

வழக்கு நடக்கட்டும், தீர்ப்பு வரும் வரைக்கும் ராசம்மாள் பயிர் வைக்கத் தடையில்லை என்று சாயங்காலமே உத்தரவானது. அவர்கள் வெளியே வரவும் சீனியரின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. நடந்ததைக் கேட்டுக்கொண்டவர், சாமிதுரையின் கையிலிருந்த கேஸ் கட்டை வாங்கிக்கொண்டார்.

"ஜெயிச்சது அதிர்ஷ்டம். நீ இன்னும் அஞ்சு வருஷம் கத்துக்கணும். என்கிட்ட வேண்டாம்."

"கத்துக்கட்டுங்க" என்றாள் ராசம்மாள். "ஆனா நின்னு பேசிக் கத்துக்கட்டும். உங்க பின்னால ரெண்டு வருஷம் நடந்தான், முத்துனது என் நாத்துதாங்க."

மறுநாள் விடிந்ததும் நடவு. நாற்று முற்றித்தான் இருந்தது. முற்றின நாற்று அதிகம் தூர் கட்டாது என்பதால், குத்துக்கு இரண்டு நாற்றாவது கூட வைத்து நட வேண்டியிருந்தது. கூட வைத்த ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு வசவு. பண்ணைக்கு, செத்துப்போன புருஷனுக்கு, மெட்ராஸ் படிப்புக்கு. சாமிதுரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நாற்றுக்கட்டோடு வரப்பில் வந்து நின்றான்.

"கட்டக் கீழ வையி" என்றாள் அவள், நிமிராமல். "இதுக்கு ஆள் இருக்கு. நீ போயி வேற சீனியரப் பாரு. சேரும்போதே சொல்லிடு, நான் எந்திரிச்சுப் பேசுவேன்னு."

"நேத்து பேசினேன்ல அண்ணி?"

"மத்தியானம் பேசுன. காலையிலயே பேசியிருக்கணும்."

அவன் கட்டை வரப்பில் வைத்துவிட்டு, ரயில் ஸ்டேஷன் பக்கமாக நடந்தான். ராசம்மாள் அடுத்த குத்துக்குக் குனிந்தாள்.