சம்பந்தியை முந்தக் கூடாது

மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா எங்கள் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சைக்கிளை எடுக்கவே மனம் வரவில்லை.

மனிதர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பேசமாட்டார், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்று புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டு சோபாவில் காலையிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் உட்கார்ந்திருந்தார். வாயிலிருந்து வந்தவை இரண்டே சொற்கள்: "ம்", "போதும்". அவர் மனைவி அவருக்கு மேல். மாப்பிள்ளை சிரிப்பான், அதுவும் சத்தம் இல்லாமல். நானோ துணிக்கடை வைத்து வாயால் பிழைப்பவன். என் மகள் என்னையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். காலையில் பல் தேய்க்கும்போதுகூடப் பேச்சை நிறுத்தமாட்டாள். அந்த ஊமை வீட்டில் இவள் எப்படிக் காலம் தள்ளுவாள் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. பையனைப் பிடித்தது அவளேதான், ஆகவே நான் வாயைத் திறக்க வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜாசினைத் தாண்டி மேட்டுச் சாலைகளில் போவதாக ஏற்பாடு. நான் ஹெல்மெட் மாட்டும்போது மனைவி கேட் வரைக்கும் வந்தாள்.

"இங்க பாருங்க, அவரு மாப்பிள்ளையோட அப்பா. நீங்க பாட்டுக்கு முந்திக்கிட்டுப் போயி வெச்சிடாதீங்க. பின்னாலயே போங்க லா. கல்யாணம் முடியட்டும், அப்புறம் எப்படி வேணும்னாலும் ஓட்டுங்க."

"சைக்கிள்லயுமா?"

"சைக்கிள்லயுந்தான்."

சமதரையில் ஒரு சிக்கலும் இல்லை. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு பறந்துவிட்டார்கள். நானும் சம்பந்தியும் கடைசியில். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போனோம். நான் வானிலையைப் பற்றிப் பேசினேன், செம்பனை விலையைப் பற்றிப் பேசினேன், உம்பாயில் மீன் விற்கிற விலையைப் பற்றிப் பேசினேன். எல்லாவற்றுக்கும் "ம்".

பிறகு அந்த ஏற்றம் வந்தது. சங்கத்தில் அதற்கு அம்மா மலை என்று பெயர். எப்பேர்ப்பட்ட வீரனும் பாதி வழியில் அம்மாவைக் கூப்பிட்டுவிடுவான். எனக்கு அது பழகிய மலை. கொஞ்சம் வேகம் பிடித்து, மூச்சை அடக்கி ஏறினால் ஏறிவிடலாம். ஆனால் வேகம் பிடிக்க எனக்கு முன்னால் சாலை இல்லை, சம்பந்திதான் இருந்தார்.

அவர் ஏறினார் என்று சொல்ல முடியாது. சைக்கிளோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். நான் பின்னால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினேன். உலகத்தில் பிரேக் பிடித்து மலை ஏறிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தோட்டத்துக் கோயிலுக்குப் போகிற ஒரு அம்மாள், கையில் பூத்தட்டோடு, எங்களை நடந்தே முந்தினார்.

"என்னாண்ணே, டயர் பஞ்சரா?"

"இல்லம்மா, மலை ஏறுறோம்."

"ஓ, ஏறுறீங்களா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

சம்பந்தியின் கழுத்து செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. மூச்சு விசில் மாதிரி வந்தது. இறங்கித் தள்ளலாமே, யார் கேட்கப் போகிறார்கள்? இறங்கவில்லை. என்ன வீம்பு பிடித்த மனிதர், இவரிடமா பெண்ணைக் கொடுக்கிறேன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்போது அவர் திரும்பிப் பார்க்காமலேயே ஒரு கையை எடுத்து, 'நீங்கள் முன்னால் போங்கள்' என்று சைகை காட்டினார்.

மரியாதைக்கு மரியாதை செய்யாமல் இருக்க முடியுமா? நானும் ஒரு கையை எடுத்து, "ஐயோ, நீங்க போங்க சம்பந்தி!" என்றேன்.

நடக்கிற வேகத்திலும் குறைவாகப் போகிற சைக்கிளில் கையை எடுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் இடது பக்கம் சாய்ந்தார். நான் அவர்மேல் சாய்ந்தேன். காலணி பெடலில் மாட்டிக்கொள்ளும் ரகம், சட்டென்று கழற்றவும் முடியவில்லை. இரண்டு சைக்கிளும் இரண்டு சம்பந்தியும் ஒரே மூட்டையாக ஓரத்து லாலாங் புல்லில் போய் விழுந்தோம்.

அடி ஒன்றும் பெரிதாக இல்லை. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஏன் சம்பந்தி, முடியலன்னா இறங்கியிருக்கலாமே?"

அவர் மூச்சு வாங்கி முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார். "நான் இறங்குனா மரியாதைக்கு நீங்களும் இறங்குவீங்க. நீங்க நல்லா ஏறுறவருன்னு சொன்னாங்க. என்னால உங்க ஓட்டம் ஏன் கெட்டுப் போவணும்?"

இவர் வாயில் இத்தனை சொற்களா என்று நான் அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு லாலாங் இலையைக் கிழித்துக்கொண்டே மேலே பேசினார்.

"எங்க வீட்டுல யாருக்கும் பேச வராது சம்பந்தி. டிவியத்தான் பேச விட்டுட்டு உக்காந்திருப்போம். அன்னிக்கு உங்க வீட்டுல உங்க பொண்ணு பேசிக்கிட்டே இருந்திச்சே, எனக்கு எழுந்து வர மனசே இல்ல. வீட்டுக்குப் போயி என் சம்சாரம் கேக்குது, கல்யாணத்த இன்னும் கொஞ்சம் முன்னால வெக்க முடியாதான்னு."

நான் அழுதுவிட்டேன். வேர்வை என்று சமாளிக்கப் பார்த்தேன், மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் பதறிப்போய், "எங்க அடி? எங்க அடி?" என்றார். எதையாவது சொல்லவேண்டுமே என்று முழங்காலைக் காட்டினேன்.

அவர் சட்டையின் பின்பையிலிருந்து தைலத்தை எடுத்து, குனிந்து, ஒன்றுமே ஆகாத என் முழங்காலை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். "இங்கயா?" என்று கேட்டார். "ஆமாம் சம்பந்தி, அங்கதான்" என்றேன்.