பாறைச்சரிவுப் புல்

போடிமெட்டுக்குக் கீழே மலைச்சரிவில் இஞ்சிப்புல்லைக் காய்ச்சித் தைலம் எடுத்துப் பிழைத்தவள் ராசம்மாள். மேல்வலிக்கும் சளிக்கும் அவள் தைலத்தைத் தேய்க்காத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. அந்தப் பேர் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் புருஷன் சூசையப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவள் தனியாக ஏற்றிய முதல் அண்டா ஏமாற்றிவிட்டது. ஓடையோரத்தில் இடுப்பளவு, பச்சைப்பசேலென்று நின்ற புல்லுக்கு ஆசைப்பட்டு, மழை விட்ட மறுநாளே அறுத்து அண்டாவில் போட்டாள். பொழுதுக்கும் எரித்தும் போத்தலில் தண்ணீர்தான் நிறைந்தது. மேலே தைலம் பாலாடை மாதிரி மிதந்தது, அவ்வளவுதான்.

கொழுந்தன் சுவக்கீன் வந்து நின்றான். "மதினி, இது பொம்பளை ஒண்டியாச் செய்யிற வேலையில்லை. அண்டாவை நான் எடுத்துக்கிறேன். நீங்க போடிக்கு, அப்பன் வீட்டுக்குப் போயிருங்க."

"இன்னொரு தடவை அடுப்பு மூட்டிக்கிறேன் தம்பி. அதுவும் பொய்ச்சா, நானே அண்டாவைத் தூக்கி உன் வாசல்ல வச்சிட்டுப் போறேன்."

அப்பன் வீட்டில் போய் அண்ணன் பெண்சாதிக்கு ஏவல் செய்து கிடக்க அவளுக்கு மனமில்லை. ஆனாலும் அவசரப்படவில்லை. சரிவெல்லாம் நடந்து, இடத்துக்கு ஓர் இலை கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். ஓடையோரத்து இலையில் வெறும் பச்சை வாடை. மேலே பாறை இடுக்கில், வெயில் தின்று, முழங்கால் உயரம்கூட வளராமல் பழுத்து நின்ற புல்லைக் கசக்கினதும் மூக்கில் சுருக்கென்று ஏறியது. கண்ணில் நீர் வந்தது.

வானம் வெளுத்து நல்ல வெயில் அடிக்கும்வரை காத்திருந்து அதை அறுத்தாள். அறுத்ததையும் உடனே போடாமல் நிழலில் பரப்பி வாடவிட்டாள்.

சுவக்கீன் ஒரு கத்தையைத் தூக்கிப் பார்த்தான். "இது புல்லா, பெருக்குமாறா மதினி?"

"பெருக்குமாறுதான். எதிர்ல நிக்காதே, உன்னையும் சேத்துப் பெருக்கிரும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. அடுப்புக்கு ஒன்றுக்கு மூன்று தடவை சிலுவை போட்டுவிட்டுத்தான் தீ வைத்தாள்.

ஆவி குழாயில் ஏறி, தொட்டித் தண்ணீரில் குளிர்ந்து, போத்தலில் சொட்டியது. முதலில் வெறும் தண்ணீர். ராசம்மாள் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு மேலே மஞ்சளாக ஒரு கோடு. அடித்தண்ணீரை வடிக்க வடிக்கக் கோடு விரற்கடையாயிற்று. வெயில் சாயுமுன் தைலம் போத்தலின் கழுத்தைத் தொட்டது.

சுவக்கீன் ஒரு சொட்டைத் தொட்டு நெற்றியில் தேய்த்தான். காந்தல் தாங்காமல் கண்ணை இறுக்கிக்கொண்டான். மூலையில் கிடந்த அரிவாளை எடுத்து, கட்டைவிரலால் கூர் பார்த்தான்.

"நாளைக்கு எந்தச் சரிவு, மதினி?"