நூல் அறுத்த டப்பா

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி, ஒன்பது வருஷமாக நட்புறவு மன்றத்து விடுதியில் சமையல்காரி. என் புருஷன் போன பிறகு எனக்கு அங்கே காய் நறுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது.

மன்றம் என்றால் பெரிய மாயமில்லை. ஜப்பான், வியட்நாம், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து ஒரு வருஷம் தங்கிப் படிப்பார்கள். நம் பிள்ளைகள் அங்கே போவார்கள். நடுநடுவே அந்த நாட்டு வியாபாரிகளும் வந்து ஹாலில் உட்கார்ந்து துணி ஏற்றுமதிக்கு ஒப்பந்தம் பேசுவார்கள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. எனக்கும்தான் தெரியாது, ஆனால் நான் மறைத்ததில்லை. அவள் எட்டாவது படித்தேன் என்று புளுகி வேலைக்குச் சேர்ந்தவள்.

அந்த வருஷம் வந்த ஜப்பான் பெண்ணை நாங்கள் குருவி என்போம். அத்தனை சின்ன உருவம். அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு பருப்பு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும் என்று செயலாளர் அம்மா சொல்லியிருந்தார். ஓரகத்தி அன்றைக்கே அவள் சாப்பாட்டு டப்பாவில் பச்சை நூல் கட்டிவிட்டாள். அதை முதலில் நிரப்பி, மூடி, ஜன்னலோரம் தள்ளி வைத்த பிறகுதான் கடலைப் பொடியைத் தொடுவாள்.

அன்று காலை பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் டப்பாக்களோடு துணி மில்லைப் பார்க்க வேனில் போயிருந்தார்கள். வியட்நாம் வியாபாரிகள் கையெழுத்துப் போட வந்து ஹாலில் இருந்தார்கள். நான் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தேன்.

"வேன் போயிடுச்சா அக்கா?" என்றாள் ஓரகத்தி.

"அப்பவே போச்சு. ஏன், உனக்கும் மில்லு பாக்கணுமா?"

சிரிக்கவில்லை. முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"குருவி டப்பா எதுன்னு எனக்குத் தெரியல."

"நூல் கட்டியிருக்குமே."

"விருந்தாளி வர்ற நாள்ல அழுக்கு நூலு அசிங்கமா இருக்குன்னு குமாஸ்தா அறுத்துட்டாரு. எல்லாத்துலயும் பேரை அச்சடிச்சு ஒட்டிட்டாரு. பாத்துப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"நீ என்ன பண்ணித் தொலைச்ச?"

"அவ பேரு சின்னதுதானே. எழுத்து கம்மியா இருக்கிற டப்பா அவளோடதா இருக்கும்னு பாத்தேன். அந்த மாதிரி ரெண்டு இருந்துச்சு."

"ரெண்டுல?"

"பொடி போடாததை ஒரு ஆளுக்குத்தான் எடுத்து வெச்சிருந்தேன், அதை ஒண்ணுல வெச்சேன்."

"குமாஸ்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா உன் வாய் வெந்துடுமா?"

"கேட்டா தெரிஞ்சுடுமே."

"தெரிஞ்சா தெரியட்டும். அவ அம்மாவுக்கு யாருடி பதில் சொல்றது? நீயா, நானா?"

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. மில்லில் ஒரு மணிக்குச் சாப்பாடு. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஹால் வாசலில் நின்றுவிட்டாள். முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டேன்.

உள்ளே செயலாளர் அம்மா பேனாவைத் திறந்து வைத்திருந்தார். கோட்டு போட்டவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது," என்றாள். "ஜப்பான் பொண்ணுக்குக் கடலைச் சாப்பாடு போயிருக்கலாம்."

மொழிபெயர்க்கிற தம்பி என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தான். செயலாளர் அம்மா பேனாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். டிரைவருக்குப் போன் அடித்தார், கூடப் போன வாத்தியாருக்கும் அடித்தார். தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டினார். போனில் ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டார்.

"ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"வேலை போயிடும்னு பயம்மா."

"இப்போ பயமில்லையா?"

"இது வேற பயம்மா."

ஒவ்வொரு சிக்னலிலும் ஓரகத்தி கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இறங்கி ஓடிவிடுபவள் போல உட்கார்ந்திருந்தாள். எதிரே மில் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டு வந்தது. அவள் என் தொடையைக் கிள்ளிய கிள்ளலில் ரத்தம் கன்றிவிட்டது. நான் கையை எடுக்கச் சொல்லவில்லை.

மில் கேன்டீனில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குருவி டப்பாவில் பாதி காலி. ஓரகத்தி பாய்ந்து அதைப் பிடுங்கினாள். முகர்ந்தாள், விரலால் கிளறினாள், ஒரு வாய் எடுத்துத் தானே மென்றாள். மறுபடி ஒரு வாய். எதிரே நேபாளத்துப் பையன் கரண்டியைத் தூக்கியபடி உறைந்துவிட்டான்.

"கடலை இல்லை," என்றாள் கடைசியில்.

சரியான டப்பாதான் போயிருந்தது. ரெண்டில் ஒன்று, குருட்டாம்போக்கில்.

செயலாளர் அம்மா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார். வேலை விஷயம் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றார். ஓரகத்திக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குருவி ஒன்றும் புரியாமல் சிரித்தபடி மீதியைச் சாப்பிட்டாள்.

"எந்திரி, போகலாம். அதான் ஒண்ணும் இல்லையே," என்றேன்.

அவள் அந்தப் பெண்ணின் தொண்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க அக்கா. இன்னும் முழுங்கிட்டுத்தானே இருக்கு."