எனக்கென்று சொன்ன மோதிரம்

அந்தப் படத்தை எடுத்தவர்கள் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. இரண்டு சிநேகிதிகள், ஒரே நாளில் கலியாணம், யாருடையது பெரிது என்று போட்டி. ஒருத்தி மற்றவளின் சமையல்காரரைக் கடத்திக்கொண்டு போவாள். மற்றவள் இவளுடைய மாப்பிள்ளையின் காரில் காற்றைப் பிடுங்கிவிடுவாள். ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு சித்தியும் பக்கத்து வளவு அக்காவும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அதே கூத்து எங்கள் தலையில் விடியப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு அப்போது ஒன்பது வயது. கலியாணம் என்றால் எனக்குச் சாப்பாட்டைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று அவருடைய காலைக் கழுவிவிடுவான். மாப்பிள்ளை பதிலுக்கு அவன் விரலில் தங்க மோதிரம் போட்டுவிடுவார். சித்திக்குத் தோழனாக நிற்க அவருடைய அண்ணன், என் மாமா, இருந்தார், ஆகவே அந்த மோதிரத்தில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அக்காவின் ஒரே அண்ணன் யுத்தத்தின் கடைசி மாதங்களில் போனவர், வீடு திரும்பவில்லை. படம் முடிந்த அன்று அக்கா என் தலையைக் கோதி, "என்ர கலியாணத்துக்கு நீதான்ரா தோழன்" என்றார். அடுத்த நாளே பள்ளிக்கூடத்தில் அந்த மோதிரத்தைப் பற்றித் தெரியாத பிள்ளை இல்லை.

சித்தியின் கலியாணத்துக்குக் கிளிநொச்சியில் மண்டபம் எடுத்து, கார்ட் அடித்து, ஊருக்கெல்லாம் சொல்லி முடிந்த பிறகுதான் அக்கா வீட்டில் நாள் வைத்தார்கள். அதே நாள், அதே முகூர்த்தம், எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில்.

"எங்கட நாளெண்டு தெரிஞ்சுகொண்டுதான் வைச்சிருக்கினம்" என்று அம்மா குசினிக்குள் சட்டியைப் போட்டு அடித்தார். சித்தி அழுதார். தினமும் அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து வேலைக்குப் போனவர், மறுநாள் பஸ்ஸுக்குக் காத்து நின்றார். அதன் பிறகு எங்கள் வீடு போருக்குக் கிளம்பியது. பறக்கும் கமராவோடு வீடியோக்காரர் பேசப்பட்டார். ஒரு கூட்டம் மேளம் போதாதென்று இன்னொரு கூட்டமும் வந்தது. பலகாரம் சுட ஊர்ப் பெண்களையெல்லாம் அம்மா முன்கூட்டியே வளைத்துப் போட்டார். கோயிலடிச் சனத்தையும் மிச்சம் விடாமல் ஏற்றிக்கொண்டு போக அப்பா பஸ் பிடித்தார். அந்த வீட்டிலிருந்து ஒரு பதிலும் இல்லை. ஒரு பந்தல்கூட அவர்கள் போடவில்லை. அம்மா அதைத் திமிர் என்றார்.

இந்த அமளியில் என் மோதிரத்தைப் பற்றி நினைக்க ஒரு நாதி இல்லை. நானே போய் அக்காவிடம் கேட்டேன். அவருடைய அம்மா விடமாட்டேன் என்கிறாராம், நான் சித்தியோடு போவதுதான் சரியாம். சொன்ன சொல்லுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? பெரியவர்கள் என்றால் எதையும் சொல்லலாம், எதையும் மாற்றலாம் போலும்.

கலியாணத்தன்று காலை பஸ் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். அங்கிருந்து வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓட்டம் பிடித்தேன். நான் காரில் வருகிறேன் என்று பஸ்காரர்களும், பஸ்ஸில் வருகிறேன் என்று கார்க்காரர்களும் நினைத்துக்கொண்டார்கள்.

கோயில் மடத்தில் அக்கா கூறைச் சேலையோடு தனியாக இருந்தார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தார்.

"நீ ஏன்ரா வந்தனி? சனம் முழுக்க அங்க போகட்டும் எண்டுதானே இந்த நாளையே எடுத்தனான். அம்மாவைப் பாத்து ஒருத்தரும் ஒண்டும் சொல்லிப்போடக் கூடாது."

கலியாணத்துக்குச் சனம் வரக்கூடாது என்று நாள் பார்க்கிறவர்களை நான் அந்தப் படத்தில்கூடக் காணவில்லை. விசர்க் கதை என்று நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

அங்கே தண்ணீர்ச் செம்பு தயாராக இருந்தது. மாப்பிள்ளை வந்து இறங்கினார். கூட நாலைந்து பேர்தான். நான் செம்பைத் தூக்கினேன். அக்காவின் அம்மா வந்து என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கினார்.

"அது என்ர மகன்ர வேலை, ராசா. அவன் வந்து செய்வான்."

அவரைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐயர் வேறெங்கோ பார்த்தார். மாப்பிள்ளை குனிந்து செம்பை வாங்கித் தன் காலைத் தானே கழுவிக்கொண்டார். பிறகு மடியிலிருந்து சின்னப் பெட்டியை எடுத்து, மோதிரத்தை அக்காவின் அம்மாவுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"வந்த உடன போடச் சொல்லுங்கோ, மாமி."

அவர் அதைக் கண்ணில் ஒற்றி, சேலைத் தலைப்பில் முடிந்தார். முடியுமுன் நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். அது வளர்ந்த ஆளின் விரலுக்குச் செய்த மோதிரம். என் அளவை ஒருவரும் எடுக்கவே இல்லை. இவர்கள் தொடக்கத்திலேயே என்னை ஏமாற்றத்தான் நினைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அவர் வரேல்லத்தானே" என்று கத்தினேன். "நான்தானே வந்து நிக்கிறன்."

மேளகாரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். அக்காவின் அம்மா சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நியாயம் என் பக்கம் இருப்பதால்தான் எல்லாரும் வாயடைத்து நிற்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.