நிறுத்தக்கா கைவிட்ட சொல்

நிறுத்தக்காவை நான் முதன்முதலில் பார்த்தது கார் கண்ணாடி வழியாக. அவர் உள்ளே, நான் வெளியே. மேற்படிப்புக்காக நகரத்துக்கு வந்த வாரம் அது. எங்கள் ஊர் நினைப்பிலேயே நடுரோட்டில் இறங்கிவிட்டேன். "நிறுத்து!" என்று ஒரு சத்தம். என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் குலுங்கி நின்றது. ஓட்டியவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைப் பெண்மணி தலையை நீட்டினார்.

"ஏன் தம்பி, விழுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? பாத்தா படிச்சவன் மாதிரி வேற இருக்க!"

"மாதிரி இல்லக்கா, பட்டதாரி. எங்க குடும்பத்துலயே மொத ஆளு." அந்த நேரத்திலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"போச்சு! உன்ன இடிச்சிருந்தா மொத்தக் குடும்பத்தையும் இடிச்ச பாவம்ல எனக்கு!"

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உள்ள பழைய கார். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் "நிறுத்து!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவார். பெயரே அதுவாகிவிட்டது.

என் பேராசிரியரின் மனைவி அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. பேராசிரியருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. விடுமுறை நாட்களில் பின்சீட்டில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, ஓட்டப் பழகுகிறவர்களோடு அவரும் ஊரைச் சுற்றுவார். அக்கா "நிறுத்து!" என்று கத்தினால், தலை நிமிராமலே "சரிங்க டீச்சர்" என்பார். வண்டிக்குள் எல்லோரும் சிரிப்பார்கள்.

அணைக்காக வீடு இழந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தேடிப் போய் எழுதியதுதான் பேராசிரியர் செய்தது. நாட்டுக்கு எதிராக எழுதினார் என்று வகுப்பறையிலிருந்தே போலீசார் கூட்டிப் போனார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. ஓட்டக் கற்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அக்கா ஒவ்வொரு அலுவலக வாசலாக ஏறி இறங்கினார். "ஒரு தடவ குரலக் கேட்டா போதும் தம்பி. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த நான், அவரிடம் ஓட்டப் பழகினேன்.

பேராசிரியரைக் கொண்டுபோன மூன்றாவது வருடம், நான் வண்டியைப் பின்னால் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தபோது அந்த ஃபோன் வந்தது. அக்கா கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு விடுறாங்களாம். வந்து கூட்டிட்டுப் போங்கங்கிறாங்க. கடையில விட்ட குடையச் சொல்ற மாதிரி சொல்றாங்க தம்பி."

"நீயே ஓட்டு" என்றார்.

சிறையின் பெரிய கதவில் இருந்த சின்னக் கதவு திறந்தது. துணிப்பையோடு குனிந்து வந்தவர் பாதி ஆளாகியிருந்தார். எங்கள் காரைப் பார்த்ததும் சிரித்தார்.

"இந்த வண்டி இன்னும் ஓடுதா டீச்சர்?"

அந்தக் குரலைக் கேட்ட அக்கா பின்கதவைத் திறந்துவிட்டு, முன்னால் ஏறி, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீயாப்பா ஓட்டுற? உள்ளயே இருந்திருக்கலாம் போலயே" என்றார் பேராசிரியர் என்னிடம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆள் மாறவில்லை என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே தொடங்கினார்: "அங்க பக்கத்து அறையில ஒருத்தர் இருந்தாரு. மொத நாள் ராத்திரி அவரு என்கிட்ட…"

நான் காதைப் பின்னால் வைத்திருந்தேன். சந்திலிருந்து வந்த சைக்கிளைப் பார்க்கவில்லை.

"நிறுத்து!"

அக்கா பிரேக்கை மிதித்தார். சைக்கிள் தப்பியது. பின்னால் பேச்சு அறுந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பேராசிரியர் இரண்டு கைகளையும் தலைமேல் கோத்து வைத்து, முழங்காலை நோக்கிக் குனிந்திருந்தார். மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை.

"என்னங்க… உங்கள இல்லங்க. இவனச் சொன்னேன்."

அவர் அசையவில்லை.

"கைய எறக்குங்க" என்றார் அக்கா.

உடனே இறக்கினார். பள்ளிப் பிள்ளைபோல இறக்கி, தொடைமேல் வைத்துக்கொண்டார். இறக்காமலே இருந்திருக்கலாம். அக்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். வீடு வரும்வரை எனக்குக் கியர் எது, கிளட்ச் எது என்பதே பிடிபடவில்லை.

பிறகு பல வாரங்கள் பேராசிரியர் யார் எது சொன்னாலும் செய்கிற ஆளாகவே இருந்தார். சாப்பிடுங்க என்றால் சாப்பிடுவார், படுங்க என்றால் படுப்பார். அக்கா ஏவல் சொல்லையே விட்டார். வீட்டில் எல்லாம் கேள்வியானது: சாப்பிடலாமா, கொஞ்சம் நடந்துட்டு வரலாமா? வண்டியிலும் "நிறுத்து" போனது. அதற்குப் பதில் டேஷ்போர்டைப் பட்டென்று தட்டினார். மறுபடி பழக வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர் பாட்டுக்குத் தாளம் என்று நினைத்து நேராக மணல் குவியலில் ஏற்றினார். எதிர்ப்பக்க டிரைவிங் ஸ்கூல்காரர், "நிறுத்தக்காவுக்கே பிரேக் புடிக்கலையாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் அக்கா என் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். நான் பதறிவிட்டேன்.

"தம்பி, காபி குடிக்கலாமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாருடா!"

"என்னக்கா?"

"வேணாம்னுட்டாரு! எனக்கு வேணாம்னு, மூஞ்சியப் பாத்து சொன்னாரு!" பரீட்சையில் பிள்ளை தேறியதுபோலச் சிரித்தார். பிறகு அழுதார்.

அக்கா இப்போதும் அதே தெருவில்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார், டேஷ்போர்டைத் தட்டி. பேராசிரியருக்குப் பல்கலைக்கழகம் வேலையைத் திருப்பித் தரவில்லை. சில நாட்கள் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறார். பக்கத்து அறைக்காரர் முதல் நாள் இரவு என்ன சொன்னார் என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.