மூன்றாவது வழக்கறிஞர்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நானும் என் தங்கையும் தோசைக்குக் காத்திருந்தபோது அவளுடைய கைப்பேசி அடித்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானே பிடுங்கிப் பேசினேன். ஆங்கிலத்தில் ஓர் இளைஞனின் குரல். உங்கள் தங்கையின் வழக்கை அரசாங்கத் தரப்பில் இனி நான்தான் நடத்துவேன், முன்பு பார்த்தவர் வேலையை விட்டுவிட்டார், விசாரணைக்கு முன்னால் உங்கள் தங்கை ஒருமுறை வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். எனக்குத்தான் தலை கிறுகிறுத்தது.

"திரும்ப முதல்லேர்ந்தா?" என்றாள் தங்கை. தோசை வந்தது. இரண்டு பேருமே தொடவில்லை.

அவள் முதுகில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினான் அவள் புருஷன். அது போலீசுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும். அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் அந்த வீட்டுக்குள் நடந்ததை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. அதையெல்லாம் பேச வைத்தவர் முதலில் வந்த அரசாங்க வழக்கறிஞர், ஒரு தமிழ்ப் பெண். சொல்லி முடித்த அன்று தங்கை வீட்டுக்கு வந்து அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். அந்தப் பெண் போய்விட்டார். அடுத்து வந்தவரிடம் மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை வாரக்கணக்கில் தூக்கமில்லை. அவரும் போய்விட்டார். அடப்பாவிகளா, பஸ்ஸில் ஏறி அடுத்த ஸ்டாப்பில் இறங்குவதுபோல் இறங்குகிறீர்களே என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"இனிமே யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்க்கா. அவன் ஜாலியாச் சுத்தட்டும், விடு."

விடுவதா? அவள் சாட்சி சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது. அவன் கையை வீசிக்கொண்டு போய்விடுவான்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே வாரம் ஒரு சாயங்காலம் தொகுதி எம்.பி. மக்களைச் சந்தித்துக் குறை கேட்பார். வீடு கிடைக்கவில்லை, பள்ளியில் இடமில்லை, கார் நிறுத்திய அபராதத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். முதலில், சம்பளமில்லாமல் உதவிக்கு வரும் தொண்டூழியர் ஒருவர் குறையைக் கேட்டுக் கணினியில் தட்டிக்கொள்வார். எனக்கு வாய்த்தவர் ஒரு தமிழ்ப் பையன்.

"சொல்லுங்கக்கா, வீட்டுப் பிரச்சினையா?"

"அரசாங்க வக்கீலுங்க பாதியில ஓடிடறாங்க. அவங்களை நிக்க வைக்கச் சொல்லி எழுதுங்க."

"கோர்ட் விஷயத்துல எம்.பி. தலையிட முடியாதுக்கா."

"நான் தீர்ப்பையா கேட்டேன்? ஆள் நிக்கணும்னுதானே கேக்கறேன்! கூடச் சம்பளம்னு எவனாவது கூப்பிட்டா உடனே ஓடறதா? கொஞ்சமாவது மனசாட்சி வேணாம்?"

பையன் தட்டுவதை நிறுத்திவிட்டான். "நானும் அந்த வேலையிலதான்க்கா இருந்தேன். போன வருஷம் விட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கு என்ன குறைச்சல் அங்க?"

"சின்னப் பிள்ளைகிட்ட ஒருத்தன் தப்பா நடந்துக்கிட்ட கேஸ் ஒண்ணு. அவன் எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் பாக்கணும். பாத்துட்டு வீட்டுக்குப் போனா என் பொண்ணைக் குளிப்பாட்ட முடியலக்கா. அது முடியறதுக்குள்ள மேசையில இன்னும் பத்து கேஸ் நிக்குது. போறேன்னு சொன்னதும், போகாதேன்னு எல்லாரும்தான் சொன்னாங்க. கேஸைக் குறைச்சுக்கன்னு சொல்ல யாராலயும் முடியல."

ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. காசுக்காக ஓடுகிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அந்தப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி விசைப்பலகையில் கை வைத்தான்.

"எழுதுங்க தம்பி," என்றேன். "ஒரு கேஸைத் தொட்டவங்க அதை முடிக்கற வரைக்கும் நிக்கற மாதிரி ஆள் கூட்டுங்க, வேலையைக் குறைங்க. கேட்டதையெல்லாம் இறக்கி வைக்க அவங்களுக்கும் ஒரு ஆள் குடுங்க. அவங்க போயிட்டா என் தங்கச்சி மாதிரி ஆளுங்கதான் சாகறாங்க. இதை அப்படியே எழுதுங்க."

வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"அப்ப, முதல்ல வந்த அக்கா என் கதையைக் கேட்டுத்தான் போனாங்களா?"

"சீ, லூசு மாதிரிப் பேசாதே," என்றேன். ஆனால் எனக்கு எப்படித் தெரியும்?

அவள் எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவி வைத்தாள். பிறகு, அந்தப் புதிய வழக்கறிஞரைப் போய்ப் பார்க்கிறேன் என்றாள். அப்பாடா, மனசு மாறிவிட்டாள் என்று நான் உள்ளூரக் குதித்தேன்.

அரசாங்க வழக்கறிஞர் அலுவலகத்தில் அவரும் மொழிபெயர்ப்பாளரும் அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே அவள் வந்துவிட்டாள். முகத்தில் அழுத அடையாளம் எதுவும் இல்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"சொல்ல ஆரம்பிச்சேன்க்கா. சின்னப் பையன்தான், பாவம். கேக்கக் கேக்க அவர் முகம் வெளுத்துப் போச்சு. தண்ணியை எடுத்து எடுத்துக் குடிச்சாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரொம்ப மோசமானதை எல்லாம் விட்டுட்டேன்."

"அடிப்பாவி! அதுதான்டி கேஸே!"

"தெரியும். இவரும் போயிட்டா நாலாவது ஆளுக்கு நான் எங்கக்கா போவேன்?"