ஊசிக்குச் சுற்றிய பட்டு

ஆரணியில் எந்தத் தறி மக்கர் செய்தாலும் சக்கரவர்த்திக்குத்தான் ஆள் போகும். கைராசிக்காரர். "எனக்குத் தெரியாது" என்கிற பேச்சு மட்டும் அந்த வாயில் வராது. அதுதான் வினையானது.

ஊர் சர்ச்சில் பழைய கிராண்ட் பியானோ ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வாசிக்கும் ஹேமலதா அவரைக் கூப்பிட்டாள். "சில கட்டையத் தொட்டா வண்டு மாதிரி இரையுதுண்ணா."

"இத்தப் பாக்க மெட்ராஸ்லேர்ந்தா ஆள் வரணும்?" என்று சிரித்தபடி மூடியைத் தூக்கினார். உள்ளே தந்திகள் ஒரு நீளக் கட்டையின் மேல் ஏறிப் போயின. தந்தி நகராமல் பிடிக்க அதில் அடித்திருந்த சின்ன இரும்பு ஊசிகள் சில ஆடிக்கொண்டிருந்தன. தறியில் முளை ஆடினால் கழிவுப் பட்டு நூலைப் பசையில் தோய்த்து, அதில் சுற்றி, ஓங்கி அடிப்பது நெசவாளி வீட்டு வழக்கம். சக்கரவர்த்தியும் தந்தியைத் தளர்த்தி, ஊசிகளைப் பிடுங்கி, பட்டு நூலைச் சுற்றி அடித்தார். தறிமரம் தாங்கும், காய்ந்து கிடக்கும் இந்தக் கிழட்டுக் கட்டை தாங்குமா என்று யோசிக்கவே இல்லை. இரைச்சல் நின்றது. ஹேமலதா வாசித்துப் பார்த்துக் கும்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு, பாட்டின் நடுவில் பியானோவுக்குள் அந்த நீளக் கட்டை படீரென்று பிளந்தது.

"இப்படிக் குத்திக் குத்தி வாசிச்சா எந்தப் பொட்டி தாங்கும்?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார் சர்ச் செயலாளர் அருள்தாஸ். ஹேமலதாவை இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டு, கீபோர்டும் வேறு ஆளும் வைத்தார்கள்.

டீக்கடையில் செய்தி கேட்டதுமே சக்கரவர்த்திக்கு விளங்கிவிட்டது. போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கு எவன் தறிக்குக் கூப்பிடுவான்? வாயை மூடிக்கொண்டார். தெருவில் அவளைக் கண்டால் சந்துக்குள் நுழைந்தார்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டார். அவளுக்கு அவர்மேல் துளி சந்தேகம் இல்லை. "நீங்க சரி பண்ண அன்னிக்கு நான் வாசிச்சத கேட்டுகினுதானே இருந்தீங்க. அவ்ளோ முரட்டுத்தனமாவாண்ணா வாசிச்சேன்?"

"ஜல்தியாப் போணும்மா" என்று உளறிவிட்டு ஓடினார். ஓடியவருக்குத் தன்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அந்த ஞாயிறு சர்ச்சுக்குப் போய், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். "பொண்ணு மேல தப்பு இல்லீங்க. நான்தான் ஊசில பட்டு நூலச் சுத்தி அடிச்சேன். அதான் பொளந்துச்சி." அருள்தாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

சென்னையிலிருந்து ஆள் வந்து, பிளந்த கட்டைக்குப் புது மரம் வைத்து, அளவாகத் துளையிட்டு ஊசிகளை இறக்கினார். ஹேமலதா மறுபடி பியானோவில் உட்கார்ந்தாள். சக்கரவர்த்தி கடைசி பெஞ்சில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் அவளிடம் போனார். "இன்னாம்மா, காதுலயே வுழல? அழுத்தி வாசிக்கக் கூடாதா?"

"என் தப்பு இல்லன்னு தெரியும்ணா" என்றாள். "ஆனா விரல வச்சாலே உடைஞ்சிடும்னு தோணுது."